விலகும் ஊழியரின் சான்றுக் கடிதம்: உரிமையா, சலுகையா, பேரப் பொருளா?

வேலையை விட்டு விலகுகிறவருக்கு வந்து சேர வேண்டியவை இரண்டு: பணம், காகிதம். சம்பள பாக்கி, பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் ஆகியவை பணத்தின் கணக்கில் வரும். இத்தனை ஆண்டுகள் இன்ன வேலை பார்த்தார் என்று சொல்லும் அனுபவச் சான்றும், பணியிலிருந்து விடுவித்துவிட்டோம் என்று சொல்லும் ரிலீவிங் ஆர்டரும் காகிதத்தின் கணக்கில் வரும். பணத்துக்குச் சட்டம் நாள் குறித்திருக்கிறது. விலகியவரின் ஊதியத்தை 2 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. பணிக்கொடைக்கு 30 நாள் கெடு. காகிதத்துக்கோ, எல்லா ஊழியருக்கும் பொருந்தும்படி இப்படி ஒரு கெடு கிடையாது.

பேரம் நுழைவது இந்த இடைவெளியில்தான். ராஜினாமா எழுதிக் கொடுங்கள், வழக்கை வாபஸ் வாங்குங்கள், பாக்கி ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள், பிறகு சான்று தருகிறோம் என்று நிர்வாகம் சொல்கிறது. கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில், அடுத்த வேலைக்கான கதவு பழைய முதலாளியின் கையெழுத்தில் மாட்டிக்கொள்கிறது.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை நடுவில் வைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வி எத்தனை விதமான உழைப்பாளர்களைத் தொடுகிறது என்பது புரியும். திருவெறும்பூர், துவாக்குடிப் பேருந்துகளில் பெல் தொழிற்சாலையின் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதைச் சார்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளின் வெல்டர்களும் போய்வருகிறார்கள். நடந்து போகும் தூரத்தில் என்.எஸ்.பி. ரோடும் பெரிய கடை வீதியும் இருக்கின்றன. அங்கே ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் நின்று விற்பவர்கள் ஏராளம். நகருக்கு வெளியே உள்ள தனியார் பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர்களும், நவல்பட்டு எல்காட் பூங்காவின் மென்பொருள் ஊழியர்களும், காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு வேலைக்கு வருபவர்களும் இந்த நிலையத்தில்தான் வண்டி மாறுகிறார்கள். பேருந்து ஒன்றாக இருந்தாலும், சான்று என்று வரும்போது இவர்கள் வெவ்வேறு சட்டங்களின் கீழ் நிற்கிறார்கள். சிலர் எந்தச் சட்டத்தின் கீழும் உறுதியாக நிற்கவில்லை.

விலகும்போது தரப்படும் கடிதம் யாருடையது, அதைப் பேரம் பேசலாமா, பேசினால் எதுவரை என்பதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

அனுமதியும் சாட்சியமும்

நடைமுறையில் ஒரே உறைக்குள் வைத்துத் தரப்பட்டாலும், இந்தக் கடிதங்கள் செய்யும் வேலை ஒன்றல்ல. ரிலீவிங் ஆர்டர் ஓர் அனுமதி: இவர்மேல் எங்களுக்கு இனி உரிமை இல்லை, வேறு இடத்தில் சேரலாம் என்பது அதன் பொருள். அனுபவச் சான்று ஒரு சாட்சியம்: இவர் இங்கே இருந்தார், இன்னது செய்தார் என்பது அதன் பொருள். மூன்றாவதாக மதிப்பீடு ஒன்றும் உண்டு. நடத்தை எப்படி, திறமை எப்படி என்று சொல்லும் நன்னடத்தைச் சான்று அது. புதிய முதலாளி தொலைபேசியில் விசாரிக்கும்போது கிடைக்கும் பதிலும் இந்த வகையில்தான் சேரும்.

இந்த விவாதத்தில் எழும் குழப்பங்களில் பெரும்பகுதி, இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வருகிறது. சாட்சியத்தை உரிமை என்று சொல்கிறவர் மதிப்பீட்டையும் சேர்த்துக் கேட்கிறாரோ என்று நிர்வாகம் அஞ்சுகிறது. மதிப்பீடு தங்கள் விருப்பம் என்று சொல்லும் நிர்வாகம், சாட்சியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

திருச்சி வழியாகப் போன ஒரு பழைய முறை

கடிதம் அனுமதியாக மாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே கசப்பான உதாரணம் உண்டு. இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் ‘துண்டு’ முறை இருந்தது. ஒரு கங்காணியின் கீழ் உள்ள ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர்கள் பட்ட கடனைச் செலுத்தினால் விடுவிக்கிறோம் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் அப்படியே தொழிலாளியின் தலையில் தொடரும். துண்டு இல்லாமல் கிளம்பினால் வேறு இடத்தில் வேலை கிடைப்பது அரிது.

தோட்ட முதலாளிகள் நடத்திய இலங்கைத் தொழிலாளர் ஆணையம் 1904இல் தன் தலைமையகத்தை அமைத்தது திருச்சிராப்பள்ளியில்தான். காவிரிக் கரை மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைப் பக்கமிருந்தும் ஆள் திரட்டும் வேலை இங்கிருந்தே ஒழுங்குபடுத்தப்பட்டது. துண்டு முறையை இலங்கை அரசு 1921இல் சட்டம் போட்டு ஒழித்தது. அந்த ஒழிப்பு தரும் பாடம் இன்றைக்கும் பொருந்துகிறது: கடன் வசூலிக்க வேறு வழிகள் உண்டு, ஓர் ஆளின் நடமாட்டத்தை அதற்கு ஈடாக வைக்கக் கூடாது.

இதே கதை பிரான்சிலும் நடந்தது. 1803 முதல் அங்கே தொழிலாளி ஒவ்வொருவரும் கைப்புத்தகம் ஒன்று வைத்திருக்க வேண்டியிருந்தது. முன்பணம் வாங்கியிருந்தால் அதில் பதிவாகும். பழைய முதலாளி எழுதித் தராமல் புதிய இடத்தில் சேர முடியாது. 1890இல் அந்தப் புத்தகம் ஒழிக்கப்பட்டது. அண்மைக் காலத்துக்கு வந்தால், கத்தாரில் வேலை மாற வேண்டுமென்றால் இருக்கும் முதலாளியிடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும் என்ற விதி 2020இல்தான் நீக்கப்பட்டது. திருச்சி விமான நிலையம் வழியாக வளைகுடா போன பலருக்கு இந்த மூன்றெழுத்தின் கனம் தெரியும்.

இந்த மூன்று வரலாறுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. விலகல் கடிதம் அனுமதிச் சீட்டாக இருந்த இடங்களில் எல்லாம், ஒரு கட்டத்தில் அரசு குறுக்கிட்டு அந்த அதிகாரத்தைப் பறித்திருக்கிறது. இன்றைய ரிலீவிங் ஆர்டர் சட்டப்படி அப்படிப்பட்ட சீட்டு அல்ல. ஆனால் அது இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று புதிய நிறுவனங்கள் சொல்லும்போது, வழக்கத்தால் அது அந்த இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது.

முதல் நிலைப்பாடு: முதலாளியின் விருப்பம்

சான்று தருவது முதலாளியின் விருப்பம் என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பழைய நிலை. 1800ஆம் ஆண்டின் ஒரு வழக்கிலேயே, வேலைக்காரருக்கு நற்சான்று தரும் கடமை எசமானருக்கு இல்லை என்று இங்கிலாந்து நீதிமன்றம் சொல்லிவிட்டது. காலனி கால இந்தியாவில் துரை வீடுகளில் வேலை பார்த்த ஆயாக்களும் பட்லர்களும் கையில் சீட்டுக் கட்டோடு அலைந்தது இதே கருத்தின் நிழலில்தான். சீட்டு வேண்டும், ஆனால் கேட்கும் உரிமை இல்லை.

இந்த நிலைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டாயத்தின் பேரில் எழுதும் பாராட்டுக்கு மதிப்பில்லை. உண்மையை எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். ஆனால் இந்தியச் சட்டத்தில் இரண்டாவது அச்சம் சற்று மிகையானது. அவதூறு பற்றிய பழைய 499ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும், தன்னுடைய அல்லது பிறருடைய நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் கருத்துக்கு விலக்கு அளிக்கின்றன. பொய்யும் வன்மமும் கலந்தால்தான் சிக்கல்.

பிரிட்டனிலேயே இந்த நிலைப்பாடு தேய்ந்துவிட்டது. 1994இல் ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ் வழக்கில், சான்று எழுதும் முதலாளி கவனத்தோடு எழுத வேண்டும், அலட்சியத்தால் ஊழியருக்கு நஷ்டம் வந்தால் பொறுப்பேற்க வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எழுதுவது கடமை இல்லாவிட்டாலும், எழுதத் தொடங்கினால் கடமை வந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பின் எதிர்பாராத விளைவு ஒன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: பல நிறுவனங்கள் வம்பே வேண்டாம் என்று, பதவியையும் தேதிகளையும் மட்டும் எழுதும் பழக்கத்துக்குப் போய்விட்டன.

இரண்டாம் நிலைப்பாடு: நடந்ததைச் சொல்லும் உரிமை

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1963இல் வெளியிட்ட 119ஆம் பரிந்துரையும் 1982இன் 166ஆம் பரிந்துரையும் தெளிவான நடுவழியைச் சொல்கின்றன. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலையின் வகை ஆகியவற்றைக் கொண்ட சான்று தொழிலாளிக்கு உரியது. மதிப்பீடு வேண்டுமென்று தொழிலாளியே கேட்டால் மட்டும் அதைச் சேர்க்கலாம் என்கிறது பிந்தைய பரிந்துரை. பிரான்ஸ் இன்று பின்பற்றுவதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு காலத்தில் கைப்புத்தகம் வைத்திருந்த நாடு, இப்போது பணிச் சான்றை எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், கேட்டால் கட்டணம் இல்லாமல் சான்று தர வேண்டும், ஊழியரின் பெயரைக் கெடுக்கும் எதுவும் அதில் இருக்கக் கூடாது என்கிறது.

இந்தியாவில் இந்த உரிமை துண்டு துண்டாக இருக்கிறது. 1946ஆம் ஆண்டின் மத்திய விதிகளில் உள்ள மாதிரி நிலையாணைகள், அதாவது தொழிலகங்களின் பணி நிபந்தனைகளை வகுக்கும் மாதிரி விதிகள், நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொருவரும் பணிநீக்கம், பணிவிடுப்பு, ஓய்வு ஆகிய நேரங்களில் பணிச் சான்று பெற உரிமையுள்ளவர் என்றன. வாசகம் சுருக்கமானது, இடைவெளிகளோ பெரியவை. நிரந்தரம் ஆகாதவர் அதில் இல்லை. தானாக ராஜினாமா செய்தவரைத் தனியாகக் குறிப்பிடவில்லை. சான்றில் என்ன இருக்க வேண்டும், எத்தனை நாளில் தர வேண்டும் என்பதும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு, நிலையாணை கட்டாயமாகும் வரம்பை 300 தொழிலாளர்களாக உயர்த்தியிருக்கிறது. முன்பு பொதுவான வரம்பு 100. திருச்சியின் துணைத் தொழில் பட்டறைகளில் 300 பேர் வேலை பார்க்கும் இடங்கள் குறைவு என்பதால், நிலையாணை வழியே வரும் பாதுகாப்பு அவற்றில் பலவற்றைத் தொடாது.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு 1971ஆம் ஆண்டின் மத்திய விதிகள் இதைவிடத் தெளிவாக இருந்தன. எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் ஒப்பந்ததாரர் 15ஆம் படிவத்தில் பணிச் சான்று தர வேண்டும். காலம், செய்த வேலை, ஊதிய விகிதம் எல்லாம் அதில் இருக்கும். இப்போது வந்துள்ள தொழில்பாதுகாப்புத் தொகுப்பின் 56ஆம் பிரிவு, கேட்டால் அனுபவச் சான்று தர வேண்டும் என்கிறது. சிறிய மாற்றம் போலத் தெரியலாம். ஆனால் வளைகுடாவுக்குப் போக விரும்பும் ஒரு வெல்டருக்கு, எத்தனை ஆண்டு என்ன வகை வெல்டிங் செய்தார் என்ற காகிதம்தான் சம்பளத்தை நிர்ணயிக்கும். ஒப்பந்ததாரர் மாறிக்கொண்டே இருக்கும் வேலையில், கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் உரிமை பாதி உரிமைதான்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் ஒன்றும் உண்டு. தேதியும் பதவியும் மட்டும் உள்ள சான்று எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுகிறது. நன்றாக உழைத்தவருக்கு அதில் தனிப் பலன் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, முன்னாள் முதலாளியின் மதிப்பீட்டுக் கடிதம் இணைத்த விண்ணப்பங்களுக்குக் கூடுதல் அழைப்பு வந்ததைக் காட்டியது. அறிமுகமும் சிபாரிசும் இல்லாதவர்களுக்கு இத்தகைய கடிதம் உதவக்கூடும் என்பது அதிலிருந்து கிடைக்கும் குறிப்பு.

மூன்றாம் நிலைப்பாடு: மதிப்பீடும் உரிமையே

ஜெர்மனி இந்த இடத்தில் மிகத் தொலைவு போயிருக்கிறது. அதன் தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, செயல்திறனையும் நடத்தையையும் மதிப்பிடும் விரிவான சான்றை ஊழியர் கேட்டுப் பெறலாம். சான்று உண்மையாகவும் இருக்க வேண்டும், ஊழியரின் எதிர்காலத்துக்குப் பரிவோடும் இருக்க வேண்டும் என்பது அங்கே நீதிமன்றங்கள் வளர்த்த கொள்கை.

உண்மையும் பரிவும் மோதும்போது என்ன நடக்கும் என்பதற்கும் ஜெர்மனியே பாடம். கடுமையாக எழுத முடியாத முதலாளிகள் குறிப்பு மொழி ஒன்றை வளர்த்தார்கள். ‘முழுத் திருப்தி’, ‘மிக முழுமையான திருப்தி’, ‘எப்போதும் மிக முழுமையான திருப்தி’ என்ற சிறு வேறுபாடுகள் மதிப்பெண்களாகவே வாசிக்கப்படுகின்றன. வெளித்தோற்றத்துக்கு வேறான பொருள் தரும் வாசகம் கூடாது என்று அந்தச் சட்டமே தடை போட்டும், இந்த மொழி மறையவில்லை. சராசரியைவிட மேலான மதிப்பீடு வேண்டுமென்றால் அதற்கான ஆதாரத்தை ஊழியரே காட்ட வேண்டும் என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2014இல் உறுதி செய்தது.

இந்த முறையை நம் சூழலுக்குக் கொண்டுவரலாம் என்பவர்கள் இரண்டு தடைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். சான்றின் வாசகம் குறித்து ஆயிரக்கணக்கில் வழக்குகளை விரைந்து தீர்க்கும் தொழிலாளர் நீதிமன்ற அமைப்பு ஜெர்மனியில் இருக்கிறது. நம் தொழிலாளர் நீதிமன்றங்களில் பணிநீக்க வழக்குகளே ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. அடுத்து, மதிப்பீட்டை எழுதுவதற்கு முறையான பணிப்பதிவு வேண்டும். பல சிறு நிறுவனங்களில் வருகைப் பதிவேடே சரியாக இருப்பதில்லை.

நான்காம் நிலைப்பாடு: பேசி முடிக்கும் ஒப்பந்தம்

சட்டம் சொல்லாத இடத்தை ஒப்பந்தம் நிரப்பலாம் என்பது நான்காவது விடை. பிரிட்டனில் இது செம்மையாக வளர்ந்திருக்கிறது. 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 203ஆம் பிரிவின் கீழ், ஊழியர் தன் வழக்குரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை செல்ல வேண்டுமானால் அவர் சுதந்திரமான ஆலோசகரிடம் அறிவுரை பெற்றிருக்க வேண்டும். இருதரப்பும் ஏற்ற சான்றின் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் பின்னிணைப்பாகச் சேர்ப்பது அங்கே வழக்கம். யார் கேட்டாலும் அந்த வாசகத்துக்கு மாறாகப் பேசுவதில்லை என்ற உறுதியும் கூடவே வரும்.

நம் சட்டத்தில் இதற்குச் சமமான இடம் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வகுத்து, புதிய தொழில் உறவுகள் தொகுப்பும் தொடரும் இருவகை உடன்பாடுகள். தொழிற்சங்க வட்டாரத்தில் 18(1) ஒப்பந்தம், 12(3) ஒப்பந்தம் என்று சொல்வார்கள். முன்னது இரு தரப்பும் தாங்களே பேசி முடிப்பது. பின்னது தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் முடிவது. இவ்விரண்டிலும் பணிச் சான்று பற்றிய ஷரத்தைச் சேர்க்கத் தடை இல்லை. ஆனால் பெரும்பாலும் பேச்சு தொகையிலேயே முடிந்துவிடுகிறது. காகிதம் பற்றிய வரி ‘சான்று வழங்கப்படும்’ என்பதோடு நின்றுவிடுகிறது.

இந்தப் பேரத்தின் மையத்தில் ஒரே ஒரு சொல் இருக்கிறது: ராஜினாமா. பணிநீக்கம் என்று எழுதினால் அடுத்த இடத்தில் கேள்வி வரும் என்பதால் தொழிலாளி ராஜினாமா என்ற சொல்லை விரும்புகிறார். நிர்வாகமும் அதே சொல்லைத்தான் விரும்புகிறது, காரணம் வேறு. சொந்த விருப்பில் விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்ற கணக்கே எழாது. ஆக, இருவரும் ஒத்துப்போகிற ஒரு சொல்லுக்கு ஒருவர் மட்டும் விலை கொடுக்கிறார். வெளியே சுமுகமாகத் தெரியும் கணக்குத் தீர்ப்புகளில் பலவற்றின் உள்ளே இருப்பது இந்த ஏற்றத்தாழ்வுதான். பேசி முடிப்பவர்கள், அந்தச் சொல்லுக்கு ஈடாக எவ்வளவு தொகை என்பதை வெளிப்படையாகவே கேட்பது நியாயம்.

ஒப்பந்த வழியின் இன்னொரு பலவீனம் அமலாக்கம். உடன்பாட்டின்படி பணம் வராவிட்டால் வசூலிக்கச் சட்டத்தில் தனி வழி உண்டு. ஆட்சியர் மூலம் வரிபாக்கி போல வசூலிக்கலாம். கடிதம் வராவிட்டால் அதைப் பணமாகக் கணக்கிட்டு வசூலிப்பது கடினம். உடன்பாட்டை மீறியதற்கான தண்டனைப் பிரிவை நாடலாம், அல்லது உரிமையியல் நீதிமன்றத்தில் செயலுறுத்துக் கட்டளை கேட்கலாம். அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டியவருக்கு இவை இரண்டும் மெதுவான பாதைகள். இதனால்தான் அனுபவமுள்ள சங்கத்தினர், கையெழுத்திட்ட சான்று கைக்கு வந்த பிறகே உடன்பாட்டில் கையெழுத்து என்ற வரிசையை வலியுறுத்துகிறார்கள். சான்றின் முழு வாசகம், கையெழுத்திடும் அதிகாரி, தொலைபேசி விசாரணைக்குப் பதில் சொல்லும் நபர், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பதியும் விலகல் தேதி ஆகிய நான்கையும் எழுத்தில் கொண்டுவருவது இந்த வரிசைக்குத் துணை.

இவை எல்லாம் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியாக இருப்பவருக்கு. மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் புதிய தொகுப்பின் தொழிலாளி வரையறைக்குள் வரமாட்டார். ஆசிரியர்கள் தொழிலாளர் அல்லர் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் கல்லூரி ஆசிரியர் தனி ஆளாக, ஆலோசகர் இல்லாமல், பல நேரம் ஒரே அமர்வில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் முறையின் உயிரான சுதந்திர ஆலோசனை, நம் சூழலில் இவருக்குத்தான் மிகவும் தேவை. இவருக்குத்தான் அது இல்லை.

பிடித்து வைப்பதை நியாயப்படுத்தும் வாதங்கள்

நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போகிறார், பயிற்சிக்குச் செலவழித்தோம், பாண்டு இருக்கிறது என்பவை நிர்வாகத் தரப்பின் வழக்கமான காரணங்கள். இவற்றை அலட்சியம் செய்ய முடியாது. கல்வியாண்டின் நடுவில் ஆசிரியர் விலகினால் மாணவர்கள் பாதிக்கப்படுவது உண்மை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டு முடிவதற்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஷரத்தை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

ஆனால் அந்தத் தீர்ப்பையே எதிர்த் திசையிலும் வாசிக்கலாம். நியாயமான நஷ்டத்தைப் பணமாகக் கேட்க முதலாளிக்கு வழி இருக்கிறது என்று அது உறுதி செய்கிறது. வழி இருக்கும்போது காகிதத்தைப் பிணையாக வைக்க வேண்டிய தேவை குறைகிறது. ஊழியரின் அசல் கல்விச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் வழக்கத்தைப் பொறுத்தவரை நிலை இன்னும் தெளிவு. அவை விற்பனைப் பொருள் அல்ல, அவற்றின்மீது பிணை உரிமை கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அனுபவச் சான்றில் சிக்கல் சற்று வேறு. அது இன்னும் எழுதப்படாத காகிதம். இருக்கும் பொருளைத் திருப்பித் தரச் சொல்வது எளிது. எழுதித் தரச் சொல்வதற்குக் கடமை ஒன்று முன்பே இருக்க வேண்டும்.

மூன்றாம் தரப்பின் நியாயம்

இதுவரை பார்த்த விடைகள் இருவரை மட்டுமே கணக்கில் எடுத்தன. கடிதத்தை நம்பிச் சேர்த்துக்கொள்ளும் அடுத்த நிறுவனமும், அங்கே உள்ளவர்களும் மூன்றாம் தரப்பு. 1997இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கு ஒன்றில், பாலியல் புகார்கள் இருந்ததை மறைத்துப் பள்ளி நிர்வாகிகள் ஒருவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அடுத்த பள்ளியில் ஒரு மாணவி பாதிக்கப்பட்டார். பாதி உண்மையைச் சொல்லி ஏமாற்றுவதற்கும் பொறுப்பு உண்டு என்றது நீதிமன்றம். அப்படிப்பட்டவர் அடுத்த பள்ளியில் வேலை பெற உதவுவதைத் தடுக்கும் பிரிவை 2015ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்விச் சட்டம் சேர்த்தது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான நம் 2013ஆம் ஆண்டுச் சட்டம், சமரசம் பணத்தை அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்கிறது. பணத்தால் முடிக்கக் கூடாத ஒன்றைப் பாராட்டுக் கடிதத்தால் முடிக்கலாமா என்ற கேள்வி அந்தத் தடையின் நீட்சியாகவே எழுகிறது. பள்ளி, விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களில் பேசி முடித்த மதிப்பீட்டுக்கு எல்லை வேண்டும் என்பதில் எதிர்வாதம் அதிகம் இல்லை. நிரூபிக்கப்படாத புகாரை என்ன செய்வது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. அதைக் குறிப்பிட்டால் குற்றமற்றவரின் வாழ்க்கை கெடலாம். குறிப்பிடாவிட்டால் இன்னொருவர் பாதிக்கப்படலாம்.

கடிதத்தைத் தாண்டிய சரிபார்ப்பு

காகிதத்தின் இடத்தைத் தரவு மெல்லப் பிடித்துக்கொண்டு வருகிறது. மென்பொருள் துறைக்காக நாஸ்காம் 2006இல் தேசியத் திறன் பதிவேட்டைத் தொடங்கியது. 2014 முதல் வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். எண், ஒருவர் எங்கெங்கே எத்தனை காலம் இருந்தார் என்பதைக் காட்டுகிறது. 2020 முதல், முதலாளி விலகல் தேதியைப் பதியாவிட்டால் உறுப்பினரே இணையத்தில் பதிந்துகொள்ள முடிகிறது. சத்தமில்லாமல் வந்த இந்த மாற்றம், சாட்சியத்தை முதலாளியின் பிடியிலிருந்து ஓரளவு விடுவித்திருக்கிறது.

விடுவிப்பு முழுமையானது அல்ல. பணிக்காலத்தைச் சொல்லும் தரவு, பார்த்த வேலையைச் சொல்வதில்லை. பின்னணி விசாரணை நிறுவனங்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளும் அதற்கு வரும் பதில்களும் ஊழியருக்குத் தெரிவதில்லை. எழுத்தில் நல்ல சான்றும் தொலைபேசியில் வேறு பேச்சும் என்றால் ஒப்பந்தம் வெற்றுக் காகிதம்தான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தவறான தரவைத் திருத்தக் கோரும் உரிமையைத் தருகிறது. வேலைவாய்ப்பு நோக்கங்களுக்கு ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்தவும் அதில் இடம் இருக்கிறது. இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பது இனி வரும் தீர்ப்புகளைப் பொறுத்தது.

யு.ஏ.என். எண்ணே இல்லாதவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஐந்தாறு பேரை வைத்து நடக்கும் கடையில் விற்பனையாளராக இருப்பவருக்கு நியமனக் கடிதமே இருந்திருக்காது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்ப முடியாது என்கிறது. மேல்முறையீட்டுக்கும் வழி வைத்திருக்கிறது. அந்த 6 மாதத்தை நிரூபிக்கவே காகிதம் வேண்டும். இந்த உலகில் சான்று வாய்மொழியாக, தெரிந்தவர் சொல்லும் ஒரு வார்த்தையாகவே பயணம் செய்கிறது. அந்த வார்த்தை சாதியையும் ஊரையும் உறவையும் பார்த்துப் போவதால், அறிமுகம் இல்லாதவருக்குக் காகிதத்தின் தேவை இங்கேதான் மிக அதிகம். புதிய தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருப்பது இந்த இடைவெளியை நிரப்பக்கூடும். சிறு கடைகள்வரை அது எந்த அளவுக்குப் போய்ச் சேரும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

தீர்ந்தவையும் தீராதவையும்

நான்கு நிலைப்பாடுகளையும் எடை போட்டால், சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். அனுமதி என்ற அளவில் விலகல் கடிதத்துக்கு இனி இடம் இருக்கக் கூடாது. துண்டு முறையின் வரலாறு அதற்குப் போதுமான சான்று. நடந்ததைச் சொல்லும் சாட்சியம் ஊதியத்தைப் போலவே ஊழியர் உழைத்துச் சம்பாதித்தது. பணிக்கொடையை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்று சட்டம் சொல்வதைப் போல, தேதியும் பதவியும் கொண்ட சான்றையும் பேரத்துக்கு வெளியே வைத்து, அதற்கும் நாள் குறிப்பது நியாயமான அடுத்த படி. மதிப்பீட்டைப் பேசி முடிக்கலாம். உண்மையைத் தாண்டாமலும், பிறருக்கு ஆபத்தை மறைக்காமலும் இருக்க வேண்டும் என்பதே அதன் எல்லை.

தீராத கேள்விகள் மூன்று. தொழிலாளி வரையறைக்குள் வராத ஆசிரியரும் மேற்பார்வையாளரும் பேரத்தில் தனியாக நிற்காமலிருக்க, சுதந்திர ஆலோசனையை யார், எந்தச் செலவில் தருவது? நிரூபிக்கப்படாத புகார் இருக்கும்போது, ஊழியரின் பெயருக்கும் அடுத்த இடத்தில் உள்ளவர்களின் பாதுகாப்புக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது? எழுத்தில் ஒப்புக்கொண்டதைத் தொலைபேசிப் பேச்சு மீறினால் அதை எப்படி நிரூபிப்பது? முதல் கேள்விக்கு அரசின் கொள்கை விடை தரலாம். சட்ட உதவி ஆணையங்களின் பணியை இத்திசையில் விரிப்பது ஒரு வழி. இரண்டாவதற்கு ஒரே விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வேலையின் தன்மையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும். மூன்றாவது, தரவுச் சட்டத்தின் நடைமுறை முதிர்ந்த பிறகே தெளிவாகும். அதுவரை, உடன்பாட்டில் கையெழுத்திடும் முன் சான்றின் வாசகத்தைக் கையில் வாங்கிப் படித்துப் பார்ப்பதே ஊழியருக்கு இருக்கும் நம்பகமான பாதுகாப்பு.